மச்சான் பிடிக்க வேண்டிய கயிறு

தொம்மை பர்னாந்தைக் கயித்தான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது தொம்மை சிரித்துக்கொண்டிருந்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழாம் வருஷத்துப் பங்குனி மாதம். கரை ஒரு கோடாகக்கூடத் தெரியாத தூரத்தில் முத்துப்பாரின் மேல் தோணிகள் வரிசையாக நங்கூரம் போட்டு நிற்க, காலை வெயில் தண்ணீரில் ஏறிக்கொண்டிருக்க, தொம்மை தோணியின் விளிம்பைப் பிடித்தபடி கழுத்தளவு கடலில் மிதந்து, ஆளைக் கீழே கொண்டுபோகும் குளிகல்லின் மேல் வலது காலை ஊன்றி, சிப்பிக்கூடையின் கயிற்றைக் கையில் வைத்திருந்த கயித்தானை அண்ணாந்து பார்த்துச் சொன்னான்.

"வே கயித்தான், எங்க மச்சான் மாதிரிப் பாதியிலயே இழுத்துத் தொலைச்சிராதீரும். கூடை நிறையட்டும். நான் ஆட்டுனாத்தான் நீரு இழுக்கணும், கேட்டீரா?"

கயித்தான் தலையை ஆட்டினான். தொம்மை மூக்கைப் பிடித்துக்கொண்டு கல்லோடு இறங்கினான். கொஞ்ச நேரம் குமிழிகள் வந்தன, பிறகு அவையும் வரவில்லை.

புன்னைத்துறையில் முத்துக் குளிக்கிறவனின் கயிற்றை அவன் மச்சான்தான் பிடிப்பான். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். தன் தங்கச்சி தாலி அறுப்பதை எந்த அண்ணனும் விரும்ப மாட்டான் என்பது ஊர் சொல்லும் காரணம். ஆனால் தோணியில் போனவர்களுக்கு இன்னொரு காரணமும் தெரியும். மச்சான் பயந்தாங்கொள்ளி. அருள்நிறைந்த மரியே என்ற மந்திரத்தை மூன்று தடவை சொல்லி முடிக்கிற நேரம் ஒரு மூச்சு என்றால், மச்சான் இரண்டாவது மந்திரத்திலேயே பதறி இழுத்துவிடுவான், மேலே வந்தவன் பாதிக் கூடையோடு மச்சானின் ஏழு தலைமுறையையும் இழுத்துவைத்துத் திட்டுவான், மச்சான் காது கேளாதவன்போல் திட்டை வாங்கிக்கொண்டு மறுபடியும் இரண்டாவது மந்திரத்திலேயே இழுப்பான். திட்டு வாங்குவதற்கு உரிமை உள்ளவன் அவன்தான். அன்றைக்குத் தொம்மையின் மச்சான் இஞ்ஞாசிக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால்தான் பக்கத்துத் தெருக் கயித்தான் கயிற்றைப் பிடித்தான். அந்நிய மனுஷன் ஆனதால் மரியாதையாகக் காத்திருந்தான். மூன்று மந்திரம் சொன்னான், நான்கு சொன்னான், ஐந்தாவதில் வாய் குழறி இழுத்தபோது கூடை மட்டும் வந்தது. கூடையில் ஏழு சிப்பிகள் இருந்தன. பக்கத்துத் தோணிகளிலிருந்து எல்லோரும் மாலைவரை குளித்துத் தேடினார்கள். தொம்மை கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் தொம்மையின் பெண்டாட்டி கித்தேரி, அழுது வீங்கிய முகத்தைக் கழுவலாம் என்று வீட்டுக் கிணற்றில் வாளியை விட்டாள். வாளியில் தண்ணீரோடு ஏழு சிப்பிகள் வந்தன. கடலிலிருந்து இப்போதுதான் எடுத்ததுபோல் பாசி படிந்து, வாய் இறுக்க மூடி, உயிரோடு இருந்தன. மறுநாளும் ஏழு. அதற்கு மறுநாளும் ஏழு. ஞாயிற்றுக்கிழமை வாளியில் வெறும் தண்ணீர்தான் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் ஊர் ஒருமனதாக ஒப்புக்கொண்டது, இது தொம்மைதான், வேறு யாருமில்லை, ஞாயிற்றுக்கிழமை கடலில் இறங்க மாட்டேன் என்று தோணிக்காரனோடு சண்டை போட்டவன் அவன் ஒருவன்தானே என்று.

ஊர் அதற்குப் பழகிக்கொண்ட விதத்தைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. பெரிய வியாழனும் பெரிய வெள்ளியும் சிப்பி வராது. ஐப்பசி கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும் நாட்களில் வராது. மாதா கோயில் திருவிழாவில் கொடி இறங்கும்வரை வராது, கொடி இறங்கிய மறுநாள் தொம்மை சோம்பல் முறித்துக்கொண்டு வேலைக்குப் போனதுபோல் கொஞ்சம் தாமதமாக, வெயில் ஏறிய பிறகு வரும். பெண்கள் கித்தேரி வீட்டுக் கிணற்றுப் பக்கம் போகும்போது முந்தானையைச் சரிசெய்துகொண்டார்கள், உள்ளே ஆண்பிள்ளை இருக்கிறானல்லவா. பெரும்பாலும் சிப்பிக்குள் ஒன்றும் இருக்காது. எப்போதாவது கடுகுபோல் ஒரு முத்து இருக்கும், ஓட்டைச் சுண்ணாம்புக் காளவாய்க்குக் கொடுக்கலாம், அதில் அவள் அடுப்பு எரிந்தது. ஒருமுறை சலாபம் என்கிற முத்துக்குளிப்பைக் கவனிக்கும் அதிகாரி ஒருவர், மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்குச் சேரும் என்ற சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து கிணற்றங்கரையில் உட்கார்ந்தார். கித்தேரி அவருக்குக் குடிக்கத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தாள். அவர் குடித்தார், நல்ல தண்ணீராக இருந்தது. உப்பில்லாத இடம் கடல் ஆகாது என்று எழுதிவிட்டு வண்டி ஏறினார். ஊரில் அவருக்கு நல்ல பெயர்.

ஒன்றுதான் ஊருக்குப் பிடிபடவில்லை. கித்தேரி சுமங்கலியா விதவையா? தாலியை அவள் கழற்றவில்லை, உழைத்துப் போடுகிற புருஷன் இருக்கும்போது எதற்குக் கழற்றுவது. ஆனால் கல்யாண வீட்டில் பெண்களின் வரிசையில் அவளை எங்கே உட்கார வைப்பது என்று யாருக்கும் தெரியாததால், அவள் எப்போதும் வாசற்படிக்குப் பக்கத்தில், சுமங்கலிகள் வரிசைக்கும் விதவைகள் வரிசைக்கும் நடுவில் உட்கார்ந்தாள். அப்படி இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தாள்.

கயித்தான் அந்த நாளுக்குப் பிறகு கயிறு பிடிக்கவில்லை. தோணிகளுக்குப் பாய் தைக்கப் போனான். கல்யாணம் செய்தான், ஒரு மகளைப் பெற்றான், மகளைக் கொழும்பில் கட்டிக்கொடுத்தான், பெண்டாட்டி அக்கினேசைக் காலராவில் அடக்கம் செய்தான். தினமும் பாய்க் கொட்டகைக்குப் போகிற வழியில் கித்தேரியின் கிணறு இருந்தது. அதைக் கடக்கும்போது தலைப்பாகையை எடுத்துவிட்டு, "தோத்திரம் தொம்மை" என்று சொல்லிவிட்டுப் போவான். அவன் மன்னிப்புக் கேட்கிறான் என்று ஊர் நினைத்தது. முதல் வருஷங்களில் அதுதான் உண்மை. பிறகு எப்போதோ, எந்த வருஷம் என்று அவனுக்கே தெரியாமல், அது நன்றி சொல்வதாக மாறிவிட்டது. தன் கை தவறவிட்ட மனுஷனே கீழேயிருந்து அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான், இல்லாவிட்டால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள், தான் எந்த முகத்தோடு அந்தத் தெருவில் நடந்திருக்க முடியும் என்று நினைப்பான்.

அவனுக்கு ஐம்பது தாண்டியபோது ஊசியில் நூல் கோர்க்கக் கண் தெரியவில்லை. கித்தேரி பாய்க்கு நூல் முறுக்கித் தரும் பெண்களில் ஒருத்தி. ஒருநாள் அவன் நூலை நக்கி நக்கிக் குத்துவதைப் பார்த்துப் பொறுக்காமல் ஊசியைப் பிடுங்கிக் கோர்த்துக் கொடுத்தாள். மறுநாள் காலையில் பத்து ஊசி கோர்த்து ஒரு துணியில் குத்தி வைத்தாள். பத்தும் தீர்ந்தால் அவளைக் கூப்பிட வேண்டும். கயித்தானின் தையல் அந்த வருஷம் மிக வேகமாக இருந்தது என்று கூடத் தைத்தவர்கள் சிரித்தார்கள். இருபது வருஷமாக அவள் அவனை "அண்ணே" என்றுதான் கூப்பிட்டாள். பிறகு ஒருநாள் அந்தச் சொல்லை நிறுத்தினாள், பதிலுக்கு வேறு சொல் எதுவும் வைக்கவில்லை, "இந்தாங்க", "பாருங்க" என்று காற்றைப் பார்த்துப் பேசினாள். கொட்டகையே அதைக் கவனித்தது.

நாற்பத்தொன்பதாம் வருஷம் தை மாதத்தில், கிழிந்த பாய் ஒன்றை இருவரும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடிக்கும்போது அவள் சொன்னாள்.

"உங்களுக்கு ஊசி கோர்க்க ஒரு ஆள் வேணும். எனக்குப் பேச ஒரு ஆள் வேணும். அவுக சிப்பி தாராக, பேச்சுத் தரல."

கயித்தான் மடித்த பாயை மறுபடி விரித்துவிட்டான். "நம்ம வயசுக்கு ஊரு சிரிக்கும், கித்தேரி."

"சிரிக்கட்டும். இருவத்திரெண்டு வருசமா என்னைப் பாத்து அழவும் இல்ல, சிரிக்கவும் இல்ல. நடுவுலயே உக்காந்து எனக்கு இடுப்பு வலிக்கி."

பங்குச் சாமியார் லாசர் உள்நாட்டுக்காரர், கடலைப் பார்த்தால் தலைசுற்றும் என்பார். இருவரையும் உட்கார வைத்துக் கேட்டார். "நீ கைம்பெண்தானாம்மா? புருஷன் செத்ததுக்கு என்ன அத்தாட்சி?"

"சடலம் கிடைக்கல சாமி."

"சரி. ஆனா தினம் சிப்பி அனுப்புறான்கிறாங்களே?"

"ஞாயித்துக்கெழமை அனுப்ப மாட்டாரு சாமி" என்றாள் கித்தேரி, அது அவன் ஒழுக்கத்துக்குச் சான்று என்பதுபோல.

சாமியார் தாடியைத் தடவினார். வீட்டுக்கு உழைத்துப் போடாமல் உயிரோடு சுற்றுகிற புருஷன்மார் இந்தப் பங்கில் நிறையப் பேர் உண்டு, உழைத்துப் போடுகிற ஒருவனைச் செத்தவன் என்று எப்படி எழுதுவது. கடைசியில் திருச்சபையின் வழக்கத்திடமே விட்டுவிட்டார். மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண ஓலை வாசிப்பது, இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் எழுந்து சொல்வது, யாரும் சொல்லாவிட்டால் தாலி கட்டுவது.

முதல் ஓலை வாசித்தபோது கோயிலில் இருமல் சத்தம்கூட இல்லை. மறுநாள் திங்கட்கிழமை ஊரே கித்தேரியின் கிணற்றடியில் நின்றது, தொம்மை கோபித்துக்கொண்டானா என்று பார்க்க. வாளியில் ஏழு சிப்பிகள் வந்தன, வழக்கம்போல. இரண்டாம் ஓலைக்குப் பிறகும் ஏழு. மூன்றாம் ஓலையின்போது ஆண்கள் பக்கத்தில் நான்காவது வரிசையிலிருந்து கித்தேரியின் அண்ணன் இஞ்ஞாசி எழுந்தார். அறுபது வயது, ஊன்றுகோல், வெள்ளைச் சட்டைக்கு மேல் செபமாலை.

"தடை இருக்கு சாமி. எங்க மச்சான் உசுரோட இருக்காரு. நேத்தும் ஏழு சிப்பி வந்துருக்கு. ஊரே சாட்சி." பிறகு கயித்தான் பக்கம் திரும்பாமலே சொன்னார். "கயித்தப் பிடிச்ச கையி எந்தக் கையின்னும் ஊருக்குத் தெரியும். அந்தக் கைதான் இப்பத் தாலிய எடுக்குது."

 கித்தேரி பெண்கள் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள், கழுத்துவரை சிவந்திருந்தாள். சாமியார் ஓலையை மடித்துப் பையில் வைத்தார். "தடை தீர்ற வரைக்கும் கல்யாணம் இல்ல" என்றார்.

 கயித்தானுக்குத் தன்மேல் பழி வந்தது பெரிதாகப் படவில்லை, அந்தப் பழியை அவனே இருபத்திரண்டு வருஷமாகச் சுமந்தவன். ஆனால் அவள் மறுபடியும் வாசற்படிப் பக்கம் போய் நடுவில் உட்கார வேண்டும், சாகும்வரை உட்கார வேண்டும் என்பதை அவனால் தாங்க முடியவில்லை. பிற்பகலில் பாய்க் கொட்டகையிலிருந்து புதுத் தேங்காய்நார்க் கயிறு ஒரு சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு இஞ்ஞாசியின் வீட்டுக்குப் போனான்.

இஞ்ஞாசி முற்றத்தில் கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தார். "என்னவே, என்னைக் கட்டவா கயிறு கொண்டாந்தீரு?"

"உம்ம கயிறுதான். உம்மகிட்டக் கொடுக்க வந்தேன்."

"பேச்சப் பாரு."

"அன்னைக்கு அவரு சொன்னாரு, ஆட்டுனாத்தான் இழுக்கணும்னு. நான் காத்துக்கிட்டே இருந்தேன். நாலு மந்திரம் காத்துருந்தேன். நீரா இருந்தா இழுத்துருப்பீரு."

இஞ்ஞாசி தவிட்டைப் பிசைவதை நிறுத்தவில்லை. "ரெண்டாவதுலயே இழுத்துருப்பேன்."

"திட்டுவாரு."

"எங்க அம்மையையும் சேத்துத் திட்டுவான். வாயா அது." அவர் சிரிக்கத் தொடங்கினார், சிரிப்பு பாதியில் வேறொன்றாக மாறியது. கையில் ஒட்டிய தவிட்டோடு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காய்ச்சல் இல்லவே. தெக்க சேவல்கட்டு. என் செவலைய விட்டுருந்தேன். காய்ச்சல்னு சொல்லி அனுப்புனேன். செவலை ஜெயிச்சிச்சு. சாயங்காலம் சேவலத் தூக்கிக்கிட்டு வாரேன், கரையில எல்லாரும் நிக்காக."

கோழிகள் தவிட்டைச் சுற்றிக் கத்தின. 

"சிப்பி வார வரைக்கும் அவன் சாகலை" என்றார் இஞ்ஞாசி. "அவன் சாகலைன்னா நான் ஒண்ணும் செய்யலை. அம்புட்டுதான் என் தடை. நீரு எங்க தங்கச்சியக் கட்டுறதுல எனக்கு என்ன."

"நம்ம ரெண்டு பேராலதான் அவரு அங்க கெடக்காரு, இஞ்ஞாசி. குளிச்சவன் தானா மேல வர முடியுமா? யாரும் கயிறு விடல. இருவத்திரெண்டு வருசமா கெணத்துக்குள்ள வாளியத்தான் விட்டோம்."

இஞ்ஞாசி தவிட்டைக் கோழிகளுக்கு முன்னால் தள்ளிவைத்தார். பிறகு கையைக் கழுவிவிட்டுக் கயிற்றை வாங்கி, முறுக்கு சரியாக இருக்கிறதா என்று விரலால் நெருடிப் பார்த்தார், தொழில் தெரிந்தவன் பார்ப்பதுபோல.

மறுநாள் பூசை முடிந்ததும் கிணற்றைச் சுற்றி ஊர் கூடியது. சாமியாரும் வந்தார், தண்ணீர் ஆயிற்றே என்று இரண்டடி தள்ளி நின்றார். இஞ்ஞாசி ஊன்றுகோலைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, கயிற்றின் நுனியில் கூடையைக் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினார். கயிறு இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது, ஐந்து ஆள் ஆழக் கிணற்றில் பத்து ஆள் கயிறு போனது. கடல் அவ்வளவு ஆழம் என்று கிழவர்கள் தங்களுக்குள் தலையாட்டிக்கொண்டார்கள். கூடை தரை தட்டியதும் இஞ்ஞாசி உரக்கச் சொல்லத் தொடங்கினார். அருள் நிறைந்த மரியே. ஊரும் சேர்ந்து சொன்னது. முதல் மந்திரம் முடிந்தது. கயிறு ஆடவில்லை. இரண்டாவது மந்திரத்தின் பாதியில் இஞ்ஞாசிக்குப் பொறுக்கவில்லை, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்ற இடத்தை எட்டுவதற்கு முன்பே அவர் இரண்டு கைகளாலும் இழுத்துவிட்டார்.

கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது. முப்பது வயதுக் குரல், மூச்சுத் திணறிய குரல், புன்னைத்துறையில் வயதானவர்கள் எல்லோருக்கும் தெரிந்த குரல்.

"எந்தச் சவம்லே அது! அதுக்குள்ள இழுக்க! கூடை பாதிகூட ஆகலலே, ஒன் அம்மையப் பெத்த..."

மீதியைச் சாமியார் இருந்ததால் ஊர் கேட்காததுபோல் பாவித்தது. பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள், தோள்கள் குலுங்கின. இஞ்ஞாசி அழுதுகொண்டே, சிரித்துக்கொண்டே, இழுத்துக்கொண்டே கிணற்றுக்குள் கத்தினார். "இழுப்பேன்லே மச்சான்! நீ திட்டு! எங்க தங்கச்சி மேல நிக்கா, நான் இழுப்பேன்!"

கனம் ஒரு ஆளின் கனம். தனியாக முடியாமல் அவர் கயித்தானைப் பார்த்தார், கயித்தான் அவருக்குப் பின்னால் நின்று கயிற்றைப் பிடித்தான், இருவருமாக இழுத்தார்கள். மேலே வந்தபோது கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கிணற்றின் சுவர் ஓர் ஆள் ஏறி வந்ததுபோல் நனைந்தது. கயித்தான் தோணிப் பாய் ஒன்றை விரித்தான், பாய் நடுவில் ஓர் ஆள் நீளத்துக்குத் தாழ்ந்து, நாலு பக்கமும் கடல்தண்ணீர் கசிந்தது. கித்தேரி மண்டியிட்டு, தாழ்ந்த இடத்தின் தலைமாட்டில் கையை வைத்தாள். "குளிர்ந்துபோய்க் கெடக்காக" என்றாள். பிறகு குனிந்து, பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "இம்புட்டு நாளும் சோறு போட்டீக. போதும். ஓய்வு எடுங்க."

ஆறு பேர் தூக்கினார்கள், இரண்டு இடத்தில் தோள் மாற்றினார்கள். கல்லறைத் தோட்டத்தில் ஆள் நீளத்துக்குக் குழி வெட்டி, பாயோடு இறக்கி, சாமியார் மந்திரம் சொல்லி மண் தள்ளினார்கள். இஞ்ஞாசி மூன்று பிடி மண் போட்டார், நான்காவதையும் போட்டார், யாரும் தடுக்கவில்லை.

கோயிலில் சாவுப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சாமியார் பேனாவோடு உட்கார்ந்தார். "எந்தத் தேதி எழுத? இருபத்தேழாம் வருஷமா?"

"இன்னைக்குன்னு எழுதுங்க சாமி" என்றாள் கித்தேரி. "முந்தாநாள் வரைக்கும் உழைச்சவரு. அந்த உழைப்ப நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

சாமியார் அப்படியே எழுதினார். தடை தீர்ந்ததா என்று இஞ்ஞாசியைக் கேட்டார். தீர்ந்தது என்றார் இஞ்ஞாசி. அடுத்த வாரமே தாலி கட்டலாம் என்று சாமியார் சொன்னபோது கித்தேரிதான் தலையசைத்து மறுத்தாள். "எனக்கு அழ நாள் வேணும் சாமி. அந்த மொத மூணு நாளைக்குப் பெறவு நான் அவருக்காக அழவே இல்ல." அவள் கயித்தானைப் பார்த்தாள். கயித்தான், "எம்புட்டு நாள் வேணுமோ அழு, நான் கொட்டகையிலதான் இருப்பேன்" என்றான்.

நாற்பது நாள் அவள் வெள்ளை கட்டி, விதவைகளின் வரிசையில், நிம்மதியாக உட்கார்ந்து அழுதாள். பெண்கள் வந்து கட்டிப்பிடித்துக் கூட அழுதார்கள், இருபத்திரண்டு வருஷமாக அதற்கு வழி தெரியாமல் இருந்தவர்கள். நாற்பத்தோராம் நாள் வாளியில் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள், பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு கொட்டகைக்குப் போய்ப் பத்து ஊசி கோர்த்து வைத்தாள். ஓலைகளை மறுபடியும் முதலிலிருந்து வாசிக்க வேண்டுமா என்று சாமியார் யோசித்தபோது, வாசியுங்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது என்று அவளே சொல்லி அனுப்பினாள். மூன்றாம் ஓலையில் இஞ்ஞாசி எழுந்தார், கோயில் திடுக்கிட்டது. "தடை இல்லைன்னு சொல்லத்தான் எந்திரிச்சேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கல்யாணத்தன்று காலையில் அவள் கயித்தானை எப்படிக் கூப்பிடுவாள் என்று கொட்டகையில் பந்தயமே நடந்தது. "ஏங்க" என்றாள். யாரும் ஜெயிக்கவில்லை, எல்லோரும் அதைத்தான் சொல்லியிருந்தார்கள்.

அவர்கள் பதினாலு வருஷம் சேர்ந்து இருந்தார்கள். அந்தப் பதினாலு வருஷத்தில் நடந்ததைச் சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் அதன் அருமை. காலையில் ஊசி, மதியம் மீன்குழம்பு, மாலையில் பேச்சு. அவள் எதைப் பற்றியும் பேசினாள், மழையைப் பற்றி, பக்கத்து வீட்டு ஆட்டைப் பற்றி, தொம்மையைப் பற்றி. அவன் கேட்டான். கயித்தான் தினமும் படுக்கும் முன்பு மண்டியிட்டுச் சொன்ன செபம் மிகச் சின்னது, அதில் கேட்பது எதுவும் இல்லை, நன்றி மட்டும்தான், அதில் மூன்று பெயர்கள் வரும், சேவல்கட்டுக்காரர் பெயரும் சேர்த்து. அறுபத்துமூன்றாம் வருஷம் ஆனி மாதத்தில் கித்தேரி பேசிக்கொண்டிருக்கும்போதே கண்ணை மூடினாள். அதற்குப் பிறகு கயித்தான் இரண்டு வருஷம் இருந்தான்.

கல்யாணமான வாரத்தில் தூத்துக்குடி ஸ்டுடியோவில் எடுத்த படம் ஒன்று இஞ்ஞாசியின் பேத்தி வீட்டில் இருக்கிறது. அங்கே இருந்தது ஒரே நாற்காலி, நீ உட்கார் என்று அவனும் நீங்க உட்காருங்க என்று அவளும் சொல்லிக்கொண்டிருந்ததில் போட்டோக்காரர் பொறுமையிழந்து அப்படியே எடுத்துவிட்டார். படத்தில் இருவரும் நிற்கிறார்கள், நடுவில் நாற்காலி காலியாக இருக்கிறது, படத்துக்குப் போட்ட கண்ணாடியின் இடது மூலையில் ஒரு கீறல் உண்டு.